வெள்ளை மட்டும் வேண்டாம்

ஒரு சோப்புப் பெட்டியின் முன்னால் சிட்டுவை நிறுத்திவிட்டு நாம் பிரிந்துவிட்டோம். பாவம், கால் கடுக்க அங்கேயே நிற்கிறாள். வாருங்கள், போய் அழைத்து வருவோம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சிட்டு என்பது வீட்டார் வைத்த பெயர். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள் என்பதால் சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்டது. பிறத்தியார் வீட்டை அழகாக்கிக் கொடுப்பது அவள் தொழில். எந்தச் சுவருக்கு எந்த வண்ணம், எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை, நாற்காலி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்றெல்லாம் சொல்லி, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்து வைத்தும் கொடுப்பாள்.

அவளுடைய அண்ணி பார்லர் நடத்துகிறாள். அந்த அண்ணி மூலமாக ஒரு வாடிக்கைக்காரி வந்தாள். முகத்தைக் காட்டாத வாடிக்கைக்காரி. ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை, துண்டு காயப்போடுகிற அளவுக்கு ஒரு பால்கனி, அவ்வளவுதான் வீடு. கேட்பதெல்லாம் அண்ணியின் வாய்வழியாக வரும். சிட்டு எதைக் காட்டினாலும் முதல் பதில் ஒன்றுதான்: வெள்ளை மட்டும் வேண்டாம்.

சிட்டுவோ வெள்ளைக்குப் பேர்போனவள். முத்து வெள்ளை, சந்தன வெள்ளை, தந்த வெள்ளை என்று வெள்ளையிலேயே ஒரு வானவில் வைத்திருப்பவள். அந்த முகம் தெரியாத பெண்மணிக்கு 'வெள்ளை வேண்டாம் அம்மாள்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது அந்த வீட்டுக் குளியலறையில். ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனவள் கை கழுவத் திரும்பினாள். வீட்டைப் பார்க்க வந்துபோன அந்த அம்மாள் வைத்த சோப்புப் பெட்டியின் குறுக்கே இரண்டு ரப்பர் பேண்டுகள். அவற்றின் மேல், ஈரம் ஒட்டாமல், கட்டிலில் படுத்த மாதிரி சோப்பு. இந்த ஊரில் சோப்புக்குக் கட்டில் போட்டுக் கொடுக்கிற பெண்மணி ஒருத்தியைத்தான் சிட்டுவுக்குத் தெரியும். அவள் வயிற்றில்தான் இவள் பிறந்தாள்.

விட்ட இடம் அது. இனி மேலே போவோம்.

மறுநாள் காலை சமையலறையில் அம்மா காபி கலந்துகொண்டிருந்தாள். சிட்டு நிலைப்படியில் சாய்ந்து அம்மாவின் முதுகையே பார்த்தாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் அம்மா. எத்தனை கெட்ட செய்திகளை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வார்டு வராந்தாவில் சாதாரணமாக நடந்திருப்பாள். அந்த முதுகா வாயைத் திறக்கும்?

"என்னடி, விடிஞ்சதும் விடியாததுமா காவலுக்கு நிக்கிறே?"

"சும்மாதான்."

"சும்மா நிக்கிற ஆளா நீ?"

"இன்னிக்கு ஒரு வீட்டை முடிச்சுக் குடுக்கணும்மா." சிட்டு தூண்டிலைப் போட்டாள். "ஒத்தை ரூம்தான். யாரோ ஒரு அம்மா. வெள்ளையே ஆகாதாம் அவங்களுக்கு."

அம்மாவின் கரண்டி நிற்கவில்லை. "அவங்க வீடு, அவங்க இஷ்டம்."

"தனியா இருக்கப் போறாங்களாம்."

"சர்க்கரை போதுமான்னு பாரு."

மீன் தூண்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தாம்மா!" முன்னறையிலிருந்து அப்பாவின் குரல். "என் நகவெட்டி எங்கே?"

"டிவிக்குப் பக்கத்திலே!"

"எந்தப் பக்கம்?"

"உங்க கை இருக்கிற பக்கம்!"

அப்பா கெட்டவர் இல்லை. யாரும் அவர் மேல் கோபப்படுவதற்கு முன்னாலேயே சொல்லிவைக்கிறேன். கையை நீட்டினால் பொருள் வந்து விழும் என்று நம்பி வாழ்ந்தவர், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை ஒருநாளும் பொய்க்கவிடாமல் காப்பாற்றியது அம்மா செய்த பிசகு.

குளிர்பெட்டிக் கதவில் வண்ண அட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அடுத்த வாரம் குடும்பமே புது வீட்டுக்குக் குடிபோகிறது. அண்ணன் வாங்கிய விசாலமான வீடு. அதன் அலங்காரம் முழுக்க சிட்டுவின் பொறுப்பு. அப்பா அறை, அண்ணன் அண்ணி அறை, பிள்ளைகள் அறை, சிட்டு அறை என்று ஒவ்வோர் அட்டையின் கீழும் அவரவர் கேட்ட வண்ணம். தினமும் அதன் முன்னால் நின்று ஒரு மிடறு காபியும் ஒரு மிடறு பெருமையுமாகக் குடிப்பவள், இன்று ஒரு வாய் காபியோடு டம்ளரை வைத்துவிட்டாள்.

"எங்கேடி, பாதியிலே?"

"பார்லருக்கு."

அம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். ஒரே பார்வை. பிறகு அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள், ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை.

பார்லரில் அண்ணி ஒரு பாங்கு மேனேஜர் அம்மாளின் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு முனை பல்லிடுக்கில், மற்றது விரல்களில். நாத்தனார் புயல் மாதிரி நுழைந்ததைப் பார்த்ததும் அவள் புருவம் தானாக உயர்ந்தது.

"அண்ணி, அந்த ஒத்தை ரூம் யாருக்கு?"

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்? எனக்குத் தெரிஞ்சு போச்சு. எத்தனை நாளா இது நடக்குது?"

"ம்ஹூம்."

"நூலைத் துப்பிட்டுப் பேசுங்க!"

"ஐயையோ!" நாற்காலியில் சாய்ந்திருந்த மேனேஜர் அம்மாள் கண்ணைத் திறக்காமலே பதறினாள். "ஒத்தைப் புருவத்தோட என்னை விட்டுட்டுச் சண்டை போடாதீங்கம்மா. நான் ஆபீஸ் போகணும். மீட்டிங் இருக்கு."

சிட்டு பற்களைக் கடித்தபடி காத்திருந்தாள். காத்திருப்பது என்றால் அவள் பாஷையில் என்ன? நெயில்பாலிஷ் புட்டிகளை நிறவாரியாக அடுக்கினாள். கலைத்தாள். உயரவாரியாக அடுக்கினாள். அதற்குள் இரண்டாவது புருவமும் வளைந்து, மேனேஜர் அம்மாள் கண்ணாடியில் திருப்திப்பட்டு, போகிற போக்கில் "நீங்க அண்ணி பக்கமே பேசுங்க, அவங்க கையிலேதான் நூல் இருக்கு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணி நூலைக் குப்பையில் போட்டாள். "கேளு."

"அம்மா வீட்டை விட்டுப் போறாங்க. நீங்க உடந்தை. நான் என் கையாலேயே திரை தைச்சுக் குடுத்து வழி அனுப்பி வெக்கிறேன். இப்படி ஒரு கூத்து எந்த வீட்லயாவது உண்டா?"

"வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கலாம்னுதான் நானும் சொன்னேன். அத்தைதான் கேட்கலை. சிட்டுதான் பண்ணணும்னு ஒத்தைக் காலிலே நின்னாங்க."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே!"

"அம்மாவா வந்து கேட்டா நீ கேட்பியா?" அண்ணியின் குரல் உயரவில்லை. "போன தடவை படுக்கை விரிப்புக்கு நீலம் வேணும்னு சொன்னாங்க. நீ என்ன சொன்னே?"

சிட்டுவுக்கு ஞாபகம் இருந்தது. 'உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, இந்தச் சுவருக்கு நீலம் ஒத்துவராது' என்று சொல்லி வெள்ளையை விரித்திருந்தாள்.

"கஸ்டமரா வந்தா நீ பவ்யமாக் கேட்டுக்குவே. அது அவங்களுக்குத் தெரியும்."

சிட்டுவுக்கு ஒரு வேலைமுறை உண்டு. துணிகளை வாடிக்கையாளர் மடியில் போட்டுக் கண்ணை மூடச் சொல்வாள். கண் எப்போதும் அடுத்த வீட்டுக்காரிக்குப் பிடித்ததைத்தான் எடுக்கும், கைதான் தனக்குப் பிடித்ததை எடுக்கும் என்பது அவள் சித்தாந்தம். இந்த வாடிக்கைக்காரிக்கு அதை அண்ணியே செய்திருந்தாள்.

"இதோ, இந்த நாற்காலியிலேதான் உக்காந்தாங்க. துணியெல்லாம் மடியிலே போட்டேன். ரொம்ப நேரம் கையே வெக்கலை. 'என்ன அத்தை?'ன்னேன். 'எனக்குன்னு எதையும் தொட்டுப் பார்த்ததில்லையா, கை பழகலை'ன்னாங்க."

சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தெரு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு," என்றாள் அண்ணி. "இன்னிக்கு உன்கிட்ட நானே சொல்றதாத்தான் இருந்தேன். அலங்கார வேலைக்குக் கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரம்மா, குடிவர்றதுக்கு ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. வயசான பொம்பளை தனியா வர்றாங்கன்னா, வீட்டாள் ஒருத்தர் நேர்ல வந்து சரின்னு சொன்னாத்தான் சாவி. நான் வர்றேன்னேன். மருமக வேண்டாங்கிறாங்க."

"ஏன்?"

"மாமியாரை நான் துரத்திவிடறேனோன்னு சந்தேகமாம்!" அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்த கண்ணில் லேசாக நீரும் எட்டிப் பார்த்தது. "பெத்த பிள்ளை வரணுமாம். உங்க அண்ணனைக் கூப்பிட்டா அடுத்த நிமிஷம் மாமாவுக்குப் போன் போயிடும். மிச்சம் யாரு?"

"நான் போயி, சரியில்லைன்னு சொல்லிட்டா?"

"சாவி கிடைக்காது. இன்னிக்கு விட்டா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அத்தை பேசாம வீட்டுக்கு வந்து ராத்திரிச் சமையலைப் பார்ப்பாங்க. இன்னொரு தடவை இதுக்குக் கிளம்ப அவங்களுக்குத் தெம்பு இருக்கும்னு எனக்குத் தோணலை." அண்ணி அடுத்த வாடிக்கைக்காரிக்காக நாற்காலியைத் துடைத்தாள். "சாயங்காலம் வர்றாங்க. நீ வரப்போறது அவங்களுக்குத் தெரியாது. உன் வாய், உன் வார்த்தை. நான் குறுக்கே வரமாட்டேன்."

பார்லரை விட்டு இறங்கியவளின் காலுக்குத் தெரு போதவில்லை. வாங்கவேண்டியவை இரண்டு பாக்கி. ஒரு நிலைக்கண்ணாடி. ஓர் உதட்டுச் சாயம். கடைசியாகக் கேட்டது அதைத்தான், வெள்ளை வேண்டாம் அம்மாள். 'ரோஸும் வேண்டாம், பழுப்பும் வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு என்ன தோணுதோ வாங்கட்டும்' என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கண்ணாடிக் கடையில் ஏறினாள். தேக்குச் சட்டம் போட்டது, பித்தளை விளிம்பு வைத்தது, முட்டை வடிவம், சதுரம். எல்லாவற்றிலும் ஒரே முகம்தான் தெரிந்தது. களைத்த, கோபமான, யார் மேல் கோபம் என்று தெரியாத முகம்.

"எதுவும் பிடிக்கலையாக்கா?" என்றார் கடைக்காரர்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப முகத்தை மாத்திட்டு வாங்க, ரெண்டும் பொருந்திடும்." சிட்டு முறைத்ததில் அவரே அவசரமாகச் சாக்குத் துணியை எடுத்து, அரக்கு நிறச் சட்டம் போட்ட கண்ணாடியைக் கட்டத் தொடங்கினார். அதுதான் நல்ல கண்ணாடி. அவளும் மறுக்கவில்லை. அந்த வீட்டுக்கு வண்டியில் அனுப்பச் சொன்னாள்.

வெளியே வந்ததும் போன். அண்ணன்.

"சிட்டு, சோபா வந்திருச்சு. ஆட்கள் நிக்கிறாங்க. எங்கே போடணும்?"

"எந்த சோபா?"

"மடிச்சா சோபா, விரிச்சா படுக்கை. நீ ஆர்டர் பண்ணினதுதானே? அம்மா படுக்கிறதுக்கு."

சிட்டு நடைபாதையில் அப்படியே நின்றாள். பின்னால் வந்த ஒருவர் இடித்துக்கொண்டு, முணுமுணுத்துவிட்டுப் போனார்.

"ஹால்லதானே?" என்றான் அண்ணன். "டிவிக்கு எதிரேயா, சுவர் ஓரமாவா?"

அப்பாவுக்கு டிவி ஓடினால்தான் தூக்கம் வரும். அம்மாவுக்கு டிவி ஓடினால் தூக்கம் வராது. அதனால் பழைய வீட்டிலும் அம்மா ஹாலில்தான் படுத்தாள். புது வீட்டிலும் ஹாலுக்கே படுக்கை வாங்கியவள் சிட்டு. 'அம்மா எங்கே வேணா தூங்குவாங்க, விடியறதுக்குள்ளே எழுந்துடுவாங்க, பகல்ல மடிச்சு வெச்சிடலாம்' என்று அண்ணனிடம் சொன்னதும் அவளேதான். எத்தனை சாமர்த்தியமான யோசனை என்று அன்றைக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

குளிர்பெட்டிக் கதவில் எந்த அட்டை இல்லை என்று இப்போது உறைத்தது. அப்பாவிடம் கேட்டாள். அண்ணனிடம் கேட்டாள். பிள்ளைகளிடம்கூட, சின்னது பச்சை என்கிறது பெரியது ஊதா என்கிறது என்று, மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டாள். ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் 'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்பதே பிழைப்பாக வைத்திருப்பவள், ஒரே ஓர் ஆளிடம் கேட்கவில்லை.

"ஏய், இருக்கியா? ஆட்கள் நிக்கிறாங்க."

"அதைத் திருப்பி அனுப்பிடு."

"என்னது?"

"வேற எங்கயாவது போடு. அப்புறம் பேசறேன்."

அழகுசாதனக் கடை முழுக்க விளக்கும் வாசனையுமாக இருந்தது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு உதடு ஒரு நிறம், நகம் ஒரு நிறம், பேச்சு மட்டும் ஒரே வேகம்.

"யாருக்கு மேடம்? உங்களுக்கா?"

"இல்லை. ஒரு... எங்கம்மாவுக்கு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை நாளும் வாடிக்கைக்காரி, வாடிக்கைக்காரி என்றே சொல்லிப் பழகிய நாக்கு.

"சூப்பர். அவங்க ஸ்கின்ல மஞ்சள் தூக்கலா, சிவப்பு தூக்கலா?"

சிட்டு வாயைத் திறந்தாள். மூடினாள். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தே அதன் அடிநிறம் பச்சையா நீலமா என்று சொல்லக்கூடியவள்.

"தெரியலைன்னா பரவால்லை மேடம். மணிக்கட்டுல நரம்பு பச்சையாத் தெரியுதா, நீலமாத் தெரியுதா? அதை வெச்சே சொல்லிடலாம்."

சிட்டு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, உன் மணிக்கட்டுல நரம்பு பச்சையா, நீலமா?"

"எதுக்குடி? ஊசி போடப் போறியா?"

"சொல்லேன்."

"இரு, வெளிச்சத்துக்கு வர்றேன்." செருப்புச் சத்தம் கேட்டது. "பச்சை. ஏன், என்ன விஷயம்?"

"ஒரு கஸ்டமருக்கு லிப்ஸ்டிக் வாங்கறேன். அதான்."

பின்னால் அப்பாவின் டிவி மட்டும் யாருக்கோ உலகச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"கஸ்டமருக்கு லிப்ஸ்டிக் வாங்க," என்றாள் அம்மா மெல்ல, "என் நரம்பு எதுக்குடி?"

சிட்டுவுக்குக் காதுமடல் சுட்டது. இப்படி ஒரு மடத்தனத்தைத் திருடனைப் பிடிக்கப் போன எந்தப் போலீஸும் செய்திருக்க மாட்டான். விஷயம் தெரியும் என்பதைத் தானே கொண்டுபோய்த் திருடி வீட்டு வாசலில் வைத்துவிட்டாள்.

"சும்மாம்மா... ஒரு உதாரணத்துக்கு..."

"சரி. வெச்சிடறேன். அடுப்பிலே பால் இருக்கு."

பால் காலையிலேயே காய்ச்சியாகிவிட்டது. அது இருவருக்கும் தெரியும்.

மாலை வெயில் அந்த ஒற்றை அறைக்குள் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துவிட்டு, "அந்தம்மா வந்ததும் நானும் மேலே வர்றேன்" என்று போயிருந்தாள்.

சிட்டு கண்ணாடியை மாட்டினாள். ஜன்னலில் மாம்பழ மஞ்சள் திரை. கட்டிலில் மயில்கழுத்து நிற விரிப்பு. ஒரு சுவருக்கு மட்டும் செங்கல் சிவப்பு. மனம் ஒப்பாமல், வாடிக்கைக்காரி கேட்டாளே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சேர்த்த வண்ணங்கள். இப்போது ஒன்றாகப் பார்த்தால் யாரோ வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி இருந்தது அந்த அறை.

அம்மா அப்படிச் சிரித்து அவள் கேட்டதுண்டா? நினைவைக் குடைந்து பார்த்தாள். அகப்படவில்லை.

கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். மறுபடி சுவர் பக்கம் தள்ளினாள். நாற்காலியைத் திருப்பினாள். மனதுக்குள் இன்னொருத்தி விடாமல் வழக்கு நடத்தினாள். அடுத்த வாரம் குடிபோகும்போது அப்பாவுக்கு என்ன சொல்வது? சொந்தபந்தம் வந்து 'எங்கே உங்கம்மா?' என்றால்? 'சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அம்மாவுக்குப் புது வீட்டில் நல்லதாக ஓர் அறை ஒதுக்கிவிடலாம். தன் அறையையே கொடுத்துவிடலாம். ஏன், அதற்கு என்ன குறை?

படியில் காலடி.

அம்மா ஒரு பயணப் பையோடு வாசலில் நின்றாள். மகளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"நரம்புக்கு ஏத்த கலர் கிடைச்சுதா?"

சிட்டு நாற்காலியை விட்டுக் கையை எடுத்தாள். "கிடைச்சுது."

அம்மா உள்ளே வந்தாள். சுவரைத் தொட்டாள். திரையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். வார்டில் புது நோயாளியைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக, நிதானமாக.

"அப்பாவை விட்டுட்டு வந்துட்டியா?" சிட்டுவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"விட்டுட்டுன்னு யாருடி சொன்னா? பகல்ல வருவேன், போவேன். அவருக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா முதல் ஆளா நிப்பேன். ராத்திரி ஒரு கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"புது வீட்லயே உனக்கு ரூம் பண்றேன்மா. என் ரூமை எடுத்துக்கோ."

"குடுப்பே. எனக்குத் தெரியும்." அம்மா மகளின் கன்னத்தைத் தொட்டாள். "அப்புறம் ஒருநாள் பிள்ளைங்க படிக்கணும்பாங்க. ஒருநாள் விருந்தாளி வருவாங்க. ஒருநாள் உங்கப்பாவுக்கு இருமல் வரும். நானே எழுந்து, 'நான் ஹால்ல படுத்துக்கறேன்'னு சொல்லுவேன். நீங்க யாரும் கேட்கவே வேண்டியதில்லை. எனக்கு என்னைத் தெரியாதா? நான் குடுத்துடுவேன் சிட்டு. அங்கே இருக்கிற வரைக்கும் குடுத்துக்கிட்டேதான் இருப்பேன்."

சிட்டு திரையின் மடிப்பை நீவிவிட்டாள்.

"ஆஸ்பத்திரியிலே டூட்டி ரூம் ஒண்ணு இருந்துச்சு. இம்மாத்துண்டு. ஆனா உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வேலைக்குப் போறேன்னு நீங்க எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவீங்க. நான் சந்தோஷமாப் போவேன்."

"அப்ப வெள்ளை? அது ஏன் வேண்டாம்னே?"

"வெள்ளை உடுத்தி, வெள்ளை விரிச்சே காலம் போச்சு. வெள்ளையைப் பார்த்தா கறை இருக்கான்னுதான் கண்ணு தேடும். படுக்கத் தோணாதுடி."

வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க மேலே வந்துவிட்டாள். முந்தானையில் முடிந்த சாவிகள் குலுங்கின. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? உங்க பிள்ளை யாரோ வருவாங்கன்னு உங்க மருமக சொன்னாங்களே. எங்கே?" பிறகு சிட்டுவிடம், "நீங்க இந்த வீட்டை அலங்காரம் பண்ண வந்தவங்கதானே? வேலை முடிஞ்சுதுன்னா நீங்க கிளம்புங்கம்மா. நாங்க கொஞ்சம் பேசணும்."

அம்மாவின் உதடு அசைந்தது. ஆனால் அவள் எதுவும் கேட்கவில்லை. கண்ணால்கூடக் கேட்கவில்லை.

"நான் ஏன் இவ்வளவு கண்டிப்பா இருக்கேன்னா," என்று வீட்டுக்காரம்மா தொடர்ந்தாள், "நாளைக்கு உங்க பிள்ளைங்க வந்து, 'எங்கம்மா மனசைக் கலைச்சு இங்கே கொண்டாந்து வெச்சுட்டீங்க'ன்னு தெருவிலே நின்னு கத்தினா? எனக்கு அது ஆகாது. பெத்தது ஒண்ணு வந்து வாயாலே சொல்லட்டும். இல்லைன்னா நாளைக்குக் காலையிலே வேற ஆளு வர்றாங்க."

சிட்டுவுக்குத் தன் நாக்கு இவ்வளவு கனம் என்று இதுவரை தெரியாது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். கால் வலித்திருக்கும். சிட்டு தற்செயலாகத்தான் பார்த்தாள்.

வீட்டில் அம்மா உட்காருவது எப்போதும் விளிம்பில். நாற்காலியோ கட்டிலோ, அரை இடம்தான் எடுப்பாள். யாராவது கூப்பிட்டால் எழுந்திருக்கத் தோதாக. இங்கே அவள் செருப்பைக் கழற்றி, கால்கள் இரண்டையும் தூக்கி மேலே வைத்து, மயில்கழுத்து விரிப்பின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தன்னை அறியாமல்.

"அலங்காரம் பண்ண வந்தவதான்," என்றாள் சிட்டு. செருமிக்கொண்டாள். "இவங்க மகளும் நான்தான்."

வீட்டுக்காரம்மாவின் வாய் திறந்தது.

"எனக்குத் தெரிஞ்சுதான் வர்றாங்க. எனக்குச் சரிதான். யாரு வந்து கத்தினாலும் என் நம்பருக்குக் கூப்பிடுங்க. நான் வந்து பதிலுக்குக் கத்தறேன்."

"அம்மாடி!" வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டாள். "முன்னாலேயே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு வெளியே போகச் சொல்லிட்டேனே." முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு சாவிகளை எடுத்தாள். ஒன்று அசல், ஒன்று நகல். அம்மாவின் கையில் வைத்தாள். "ராத்திரி மோட்டார் சத்தம் கொஞ்சம் கேட்கும். பயப்படாதீங்க." படியிறங்கிப் போனாள்.

அலங்கரித்துக் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டிலும், சின்னச் சின்னத் திருத்தங்களுக்காக ஒரு சாவி சிட்டுவிடம் கொஞ்ச நாள் இருக்கும். அது தொழில் வழக்கம். அதோடு இது அம்மா வீடு. கை தானாக நீண்டது.

அம்மா நீண்ட கையைப் பார்த்தாள். இரண்டு சாவிகளையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வர்றதுன்னா பெல் அடி."

சிட்டு கையை மடக்கிக்கொண்டாள். வலித்தது. வலித்த இடத்திலேயே என்னவோ நிம்மதியாகவும் இருந்தது.

"போயிட்டு வாடி. இருட்டறதுக்குள்ளே வீடு போய்ச் சேரு."

"உதட்டுச் சாயம் மேஜை மேல இருக்கு."

"பார்த்தேன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம், திருத்தமாக, முழுசாக. சிட்டு படியருகே நின்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம். கட்டில் இழுபடுகிறது. இவ்வளவு யோசித்து அவள் போட்ட இடம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தொடர்ந்து நாற்காலி நகர்ந்தது.

சிட்டு சிரிக்கத் தொடங்கும்போது போன் அடித்தது. அப்பா.

நகவெட்டியாக இருக்கும். மூக்குக்கண்ணாடியாக இருக்கும். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடியே எடுத்தாள்.

"சொல்லுங்கப்பா."

"சிட்டு..." அப்பாவின் பின்னால் டிவி ஓடவில்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை. "உங்கம்மாவோட அலமாரியைத் திறந்தேம்மா. துண்டு எடுக்கலாம்னு. காலியா இருக்கு."

சிட்டு சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் யாருக்கும் போன் பண்ணலை. உன் அண்ணன்கிட்டகூடச் சொல்லலை." அவர் மூச்சு விடுவது கேட்டது. "அவ எங்கே இருக்கான்னு உனக்குத் தெரியும்னா... நான் வந்து கூப்பிடமாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. நான் வந்தா, கதவைத் திறப்பாளா?"

கதவுக்கு அந்தப் பக்கம், நாற்காலி நகரும் சத்தம் நின்றுபோயிருந்தது.